சிவந்த தாள்

எனக்குச் செடிகொடிகள் மீது பெரிய பிரியமெல்லாம் கிடையாது. சம்பளத்துக்காகத்தான் அவற்றோடு இருந்தேன். கைவிடப்பட்ட சுரங்கத்து மண்ணில் எங்கள் நிறுவனம் ஒரு செடியை வளர்க்கிறது. மண்ணில் கிடக்கும் நிக்கலை அது உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும். அறுத்து, உலர்த்தி, எரித்தால் சாம்பலிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கலாம். இலையில் நிக்கல் ஏறிவிட்டதா என்று பார்ப்பது என் வேலை. மருந்து தடவிய வெள்ளைத் தாளை நனைத்து, கசக்கிய இலைமேல் அழுத்துவேன். சிவந்தால் அறுக்கச் சொல்வேன்.

என் கணவர் அந்த வயலின் மேற்பார்வையாளர். என் தங்கையும் எங்களோடுதான் இருந்தாள். மூன்று வருடங்களுக்கு முன் தன் சிறுநீரகம் ஒன்றை எனக்குக் கொடுக்க வந்தவள், திரும்பிப் போகவில்லை. வீட்டில் துணி துவைப்பதுகூட அவள்தான்.

“மாமா, செருப்ப வெளியவே கழட்டுங்க. வயலையே வீட்டுக்குக் கொண்டு வந்துடுவீங்க போல,” என்பாள். அவர் சிரிப்பார். என்னிடம் அப்படிச் சிரித்து நாளாயிற்று.

ஒரு நாள் கொடியில் காய்ந்த அவள் துப்பட்டாவில் மங்கலாக ஒரு பச்சைக் கறை. தாளை வைத்தேன். சிவந்தது. வயலில் அவளுக்கு என்ன வேலை? நான் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள், அவள் அழுதால் எனக்குத் தாங்காது.

அன்றிலிருந்து அவள் தட்டில் மட்டும், எரித்த இலையின் சாம்பலைக் கொஞ்சம் கலந்தேன்.

“என்னக்கா, சாப்பாட்டுல ஆணி எதும் போட்டியா? இரும்பு வாசம் அடிக்குது.”

“உன் நாக்குக்கு எல்லாமே குத்தம்தான். சாப்பிடுடி.”

சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

அவளிடம் மிச்சமிருந்தது ஒரே சிறுநீரகம். ஏழு வாரம் தாங்கியது. மற்றொன்று என் உடம்பில் நன்றாகவே வேலை செய்கிறது. மருத்துவமனையில் கடைசிவரை அவள் தலைமாட்டிலேயே இருந்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

கொன்றது நான்தான்; அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். அவள் வயலுக்கே போகாமல் இருந்திருக்கலாம் என்று விசாரிக்க வந்த நீங்கள் சொல்வதும் சரிதான். துப்பட்டா, அடுப்படித் துணி, என் வேலைக் கோட்டு எல்லாவற்றையும் அவள் ஒரே வாளியில்தான் ஊறவைப்பாள். கறை கோட்டிலிருந்து ஏறியிருக்கலாம். சோதனைக்கு முன் சம்பந்தமில்லாத ஒரு பொருளில் தாளை வைத்துப் பார்க்க வேண்டும், அதில் சிவந்தால் சோதனை செல்லாது என்பது எங்கள் ஆய்வுக்கூடத்து விதி. நான் விதியை மீறுகிறவள் அல்ல. அன்றும் முதலில், பக்கத்தில் காய்ந்த அடுப்படித் துணியில்தான் வைத்தேன்.

அதுவும் சிவந்தது. தாள் பழசாகிவிட்டது என்று கிழித்துப் போட்டேன். அடுத்த தாளை அதே டப்பாவிலிருந்துதான் எடுத்தேன்.