தை மழையில் திறந்த மதகு

உழவர் திருக்கூட்டத்துக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய குஞ்சிதபாதம் ஐயா அவர்களே! மன்னார்குடி மண்ணின் மூத்தோர்களே! களையெடுத்த ஈரம் காயுமுன் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மேலவெளி வீரையன் வணங்குகிறேன்.

மழையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எந்த மழையை? கடலுக்கு அப்பால் இலங்கைத் தீவிலே தென்மேற்குப் பருவம் ஒரு கரையை நனைக்கிறது, வடகிழக்குப் பருவம் மறு கரையை நனைக்கிறது. நாமோ ஆடியில் ஆற்று நீர், ஐப்பசியில் வான் நீர் என்று நம்பி விதைத்தோம். இன்று? கார்த்திகையில் காய்கிறது, தையில் கொட்டுகிறது! ஊருக்கு ஊர் மழை வேறு! என்னம்மா, தெருவுக்குத் தெருவா? அதுவும் உண்மைதான்!

சென்ற தையில் நடந்ததைச் சொல்கிறேன். சம்பா அறுப்புக்கு நான்கே நாள். விடியலில் பிடித்த மழை, பத்து மணிக்குள் எங்கள் வயல்களை ஏரியாக்கியது. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் முளைத்துவிடும். வடிகால் மதகைத் திறந்தால் பிழைப்போம். ஆனால் அந்தத் தண்ணீர் போய் ஏறுவது கீழவெளியின் பள்ளத்து வயலில்!

மண்வெட்டியோடு நாற்பது பேர் போனோம். மதகை மறித்து நின்றார் கீழவெளி நெடுஞ்செழியன்.

"ஷட்டர்ல கை வச்சீங்க, நடக்கிறதே வேற! எங்க ஊர்ல வெறும் தூறல்தான். ஆத்துத் தண்ணிய அடைக்காம விட்டுட்டு மழைன்னு கதை சொல்றீங்களா?"

"வந்து வயலப் பாத்துட்டுப் பேசுங்க!" என்றேன். அதோடு நின்றேனா? மண்வெட்டியை ஓங்கினேன். ஆம், உங்கள் முன் நிற்கும் இதே வீரையன்தான்!

அப்போது நனைந்தபடி ஓடிவந்தார் செவ்வந்தி. அறிவியல் ஆசிரியை, இரண்டு ஊரிலும் மழைமானி வைத்து அளப்பவர்.

"அண்ணே, ரெண்டு பேரு சொல்றதும் நெசம். இப்பதான் அளந்துட்டு வர்றேன். மேலவெளியில பதினாலு சென்டிமீட்டர், உங்க ஊர்ல ஒண்ணு. நடுவுல மூணு கிலோமீட்டர்தான்! மேகம் உங்க பக்கம் நகருது. இப்பவே வடிய விடாம, சாயங்காலம் அங்கயும் கொட்டுனா வடிகால் கரை உடையும். ரெண்டு ஊரும் போயிடும்."

நெடுஞ்செழியன் தன் வயலைத் திரும்பிப் பார்த்தார். "அதுக்கு எம் பள்ளத்த நானே முழுகடிக்கணுமாம்மா? மூணு ஏக்கரு, முத்தி நிக்குது. பள்ளத்துச் சேத்துல அறுப்பு மெஷினும் எறங்காது."

அந்த முகத்தைப் பார்த்தேன். என் வயல் முழுகியபோது என் முகமும் அப்படித்தானே இருந்திருக்கும்? கை தானாகத் தாழ்ந்தது.

"நாங்க அறுக்கிறோம்ண்ணே," என்றேன். "மூணு ஏக்கரையும் அறுத்துக் கரையேத்திடுறோம். அப்புறம் தெறங்க."

அரிவாள்கள் வந்தன. இரண்டு ஊரும் இறங்கின. எண்பது பேர், முழங்கால் சேறு! குனிந்தவர் நிமிரவில்லை. மூன்று மணிக்குக் கடைசிக் கட்டு மேடேறியது. மதகின் சக்கரத்தை நெடுஞ்செழியனே சுற்றினார். ஐந்து மணிக்குக் கீழவெளியில் வானம் பிளந்தது. கரை நின்றது!

எல்லாம் தப்பியதா? இல்லை. என் வயலில் பாதி முளைத்துப் போனது. ஆனால் யார் மண்டையும் உடையவில்லை. யார் வீட்டிலும் அழுகுரல் இல்லை.

ஆகவே கேட்கிறேன்: ஊருக்கு ஒரு மழைமானி வைக்க நமக்கு என்ன தடை? வடிகாலின் இரு கரையும் ஒன்றாக உட்கார்ந்து பேச என்ன தடை? மேகம் எங்கே கொட்டும் என்பதை மேகம் முடிவு செய்யட்டும். கொட்டிய நீரை யார் தலையில் திருப்புவது என்பதை இனிமேல் ஒரு ஊர் மட்டும் முடிவு செய்யக்கூடாது, செய்யக்கூடாது, செய்யவே கூடாது!

செவி தந்த சபைக்கு நெஞ்சார்ந்த நன்றி. வரப்பு கடந்து, வாய்க்கால் கடந்து, அனைவருக்கும் என் வணக்கம்!