மீராசா ஹாஜியாரின் கல்லை நகர்த்தியது பற்றி

அளவற்ற அருளாளனின் பெயரால் ஆரம்பிக்கிறேன்.

வணிகர் சங்கத்தின் மதிப்புக்குரிய தலைவர் ஜவுபர் அவர்களே, முன்வரிசைக்கு ஒளி சேர்க்கும் உலமாப் பெரியோர்களே, கடையை வேலையாளிடம் ஒப்படைத்துவிட்டு மனதையும் அங்கேயே விட்டு வந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே, ஓட்டோவுக்குள் இருந்தபடியே காது கொடுக்கும் சகோதரர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! இன்றைய பேச்சு உங்களுடையது. ஆகவே திரை தாண்டிக் கேட்கச் சற்று உரத்தே பேசுவேன். அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

சபையோரே, கல்முனையின் வணிக வரலாறு மறக்கக் கூடாத தீர்மானம் ஒன்று கடந்த வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின்னர் நிறைவேறியது. முன்மொழிந்தவர் எழுந்து நின்று முன்மொழிந்தார். வழிமொழிந்தவர் தொண்டையைச் செருமி வழிமொழிந்தார். எதிர்ப்பு இல்லை. கண் கலங்கியவர்கள் உண்டு. தீர்மானம் இதுதான்: நமது கடைத்தொகுதியின் பெண்கள் கழிவறை வாசலில் நிற்கும் கல்லைச் சுவரோரம் நகர்த்துவது.

சிரிக்கிறீர்கள். பின்னால் இருக்கும் தம்பிமார் கூடுதலாகவே சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தக் கல் யாருடைய கல் என்று கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

பொத்துவிலில் இருந்து கல்முனைக்கு பஸ் ஓட்டியவர் மர்ஹூம் மீராசா ஹாஜியார். அந்தப் பயணத்தில் ஒரு பெண் இருப்புக் கொள்ளாமல் எழுந்து நின்றால், ஏன் என்று அவர் கேட்கமாட்டார். ஒலுவில் பக்கம் தெரிந்த வீடொன்றின் வாசலில் பஸ்ஸை நிறுத்துவார். தான் இறங்கி டயரைத் தட்டிப் பார்ப்பார். காற்றுக் குறைவாம். அந்தப் பெண் போய்த் திரும்பி வந்து அமரும் வரை அந்த டயரில் காற்றுக் குறைவாகவே இருக்கும். பஸ் நிறைந்த ஆண்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அந்தப் பெண்ணின் பக்கம் ஒரு பார்வையும் திரும்பாது. இப்படி மானம் காத்த மனிதரை மறக்கலாமா? மறந்தால் மண் பொறுக்குமா?

அவர் மௌத்தான பிறகு அவருடைய துணைவியார் சல்மா உம்மா, நற்பிட்டிமுனையில் இருந்த வயல் துண்டை விற்று, அவர் பெயரில் நமது கடைத்தொகுதியில் பெண்களுக்கு ஒரு கழிவறை கட்டிக் கொடுத்தார். எங்கள் சங்கம் நன்றி கெட்டதா? இல்லை. நினைவுக் கல் வைக்க இடம் தேடினோம். வாசலுக்கு நேரே, சமமாக, சதுரமாக, நமக்காகவே செய்து வைத்ததுபோல ஒரு கொங்கிரீட் மூடி கிடந்தது. அதன்மேல் பீடம் கட்டினோம். பளிங்கு பதித்தோம். மேலே இறைவன் பெயர் சொல்லும் பிஸ்மி, கீழே ஹாஜியாரின் பெயர். அது எதற்கு மூடி என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்ல காரியம் நடக்கும்போது அப்படிக் கேட்பது மரியாதையாகப் படவில்லை.

உள்ளிருந்து வரும் குழாய்கள் எல்லாம் கூடும் குழிக்கு அதுதான் மூடி. அதைத் திறந்தால்தான் அடைப்பை எடுக்கலாம். அடைப்பும் வந்தது. வராமல் இருக்குமா? துணிக்கடைத் தொகுதி. தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்கும்போது முக்காட்டில் இருந்து கழற்றும் ஊசி, உடுப்பில் தொங்கும் விலை அட்டை, நூல், முடி. ஊசியில் நூல் சிக்கும், நூலில் முடி சிக்கும், அதில் ஊரே சிக்கும். பைப் வேலை செய்யும் றிம்சானைக் கூப்பிட்டோம். வந்தவர் பீடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, இதை உடைத்தால்தான் கம்பி விடலாம் என்றார்.

உடைப்பதா? பிஸ்மி எழுதிய பீடத்தில் உளி வைப்பதா? கணவரின் பெயரைத் தகர்த்தோம் என்று கேள்விப்பட்டால் சல்மா உம்மாவின் மனம் தாங்குமா? தாங்காது என்று முடிவு செய்தோம். அவரிடம் கேட்காமலே முடிவு செய்தோம். கழிவறையைப் பூட்டினோம்; பூட்டின் திறப்பு தலைவரின் சட்டைப் பைக்குப் போனது. அன்பினால் பூட்டினோம் சபையோரே, அன்பினால்!

அடுத்து ரமழான் வந்தது. நோன்பு மாதம் பகலில் எவர் தண்ணீர் குடிக்கிறார்? எவரும் திறப்புக் கேட்டு வரவில்லை. ஆகவே தேவை நீங்கியது என்று நிர்வாகக் குழு மகிழ்ந்தது. ஆண்களுக்கு அடுத்த வளவில் பள்ளிவாசல் இருப்பதால் குழுவில் எவருக்கும் அவசரமும் வரவில்லை.

பெருநாள் வந்தது. ஊருக்கெல்லாம் நோன்பு முடிந்தது. கடைகளில் நிற்கும் நம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் முடியவில்லை. நிய்யத் வைக்காத நோன்பு. விடியுமுன் ஸஹர்ச் சோறு இல்லாத நோன்பு. திறப்பதற்குப் பாங்கு சொல்லப்படாத நோன்பு.

அவர்களில் ஒருத்தி மர்ஷூதா. சாய்ந்தமருதுப் பிள்ளை. தலைவரின் துணிக்கடையில் வேலை. கணவரின் தோணி கடலுக்குப் போகாத மாதங்களில் அந்த வீட்டு அடுப்பு இவள் சம்பளத்தில்தான் எரிகிறது. வயிற்றில் முதல் பிள்ளை. சிறுநீரில் கிருமி இருக்கிறது, தண்ணீர் நிறையக் குடிக்காவிட்டால் பிள்ளைக்குக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவள் தலைவரிடம் வந்து, மாத முடிவோடு வேலையை விட்டு நிற்கிறேன் என்றாள். ஏன், சம்பளம் காணாதா என்று கேட்டார். வீட்டில் வேலை கூடிவிட்டது என்றாள். வேறு எதைச் சொல்வாள்? முதலாளியிடம் எந்தப் பெண்தான் அதைச் சொல்வாள்? தலைவர் அவர்களே, நீங்கள் தலை குனிய வேண்டாம். உங்கள் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

அந்தக் கிழமைதான் சல்மா உம்மா ஹஜ் பெருநாளுக்கு ஏழைகளுக்குக் கொடுக்கத் துணி எடுக்க அதே கடைக்கு வந்தார். சீனி வருத்தக்காரர், அடிக்கடி போக வேண்டியவர். பாதித் துணி வெட்டும்போதே கழிவறைக்குப் போக வேண்டும் என்றார். கடை உறைந்தது. திறப்பைக் காணவில்லை, தேடுகிறார்கள் என்று தலைவர் சொன்னார். “தேடுங்க மகன், நான் இருக்கன்” என்று அவர் அமர்ந்தார். சட்டைப் பையில் திறப்பை வைத்துக்கொண்டு ஒரு கடையே திறப்புத் தேடியது.

மர்ஷூதாவுக்குப் பொறுக்கவில்லை. உம்மாவின் கையைப் பிடித்து, பின்பக்க ஒழுங்கை வழியாகத் தெரிந்த வீடொன்றுக்கு நடத்திப் போனாள். போகும் வழியில் உண்மையையும் சொன்னாள். திரும்பி வரும்போது சல்மா உம்மா கேட்டார்:

“அப்ப நீங்கெல்லாம் எங்க புள்ள போற?”

“போறல்ல உம்மா. குடிக்காட்டி வராதுதானே.”

உம்மா அவளுடைய வயிற்றைப் பார்த்தார். நேரே வந்து கல்லின் முன் நின்றார். கணவரின் பெயரை முந்தானையால் துடைத்தார். நாங்கள் ஓடிப்போய் மரியாதை, மாண்பு, மனவருத்தம் என்று விளக்கம் கொடுத்தோம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“என்ட மனிசன் பொம்புளைகளுக்காக பஸ்ஸ நிப்பாட்டின ஆள் மகன். வாசல மறிச்சி நிண்ட ஆளில்ல. எடுங்க.”

அப்போதும் எங்களில் ஒருவர் விடவில்லை. பிஸ்மி இருக்கிறதே உம்மா என்றார்.

“பிஸ்மியச் சொல்லிட்டு எடுங்க” என்றார்.

கூட நின்ற பள்ளிவாசல் மௌலவி அவர்கள் சரிதான் என்று தலையசைத்தார்கள். அதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன வரலாற்றுத் தீர்மானம். றிம்சான் பிஸ்மி சொல்லி, பளிங்கை ஒரு கீறல் விழாமல் கழற்றிச் சுவரோரம் வைத்து, பீடத்தை உடைத்து, மூடியைத் திறந்தார்.

சபையோரே, நாடா வெட்ட நமக்கு ஆள் உண்டு. நாற்றம் வந்தால் நமக்கு யார் உண்டு? கட்டிய கையைக் கும்பல் கூடிப் புகழ்கிறோம். காக்கும் கையைக் கண்ணெடுத்தாவது பார்க்கிறோமா? இனி மாதம் ஒருமுறை மூடி திறக்கப்படும். கைகழுவும் தொட்டியின் வாயில் வலை போட்டாயிற்று. சொட்டும் பைப்புக்கு அன்றைக்கே வாஷர். ஊசிகளைப் போட்டு வைக்கச் சல்மா உம்மா வீட்டுக் கிண்ணம் ஒன்று கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. ஒரு பெண் தாகம் எடுத்தால் தயங்காமல் குடிக்கும் ஊர்தான் நாகரிகமான ஊர். கோபுரத்தையும் கடிகாரத்தையும் அதற்குப் பிறகு கட்டுவோம்!

திரைக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்கிறது. அது சல்மா உம்மா. போதும் என்று அர்த்தம். ஓம் உம்மா, முடித்துவிட்டேன்.

வாய்ப்பளித்த தலைவருக்கும், பொறுமை காத்த பெரியோருக்கும், சிரித்த தம்பிமாருக்கும், சிரிக்காமல் கேட்ட தாய்மாருக்கும் நன்றி. அல்லாஹ் எல்லோருக்கும் சுகத்தைத் தரட்டும். வஸ்ஸலாம்.

அமர்வதற்கு முன் ஒரு தகவல். மர்ஷூதா வேலையை விடவில்லை. இன்று காலை கடை திறந்ததும் ஒரு கிளாஸ் தண்ணீரும், பத்து மணிக்கு ஒரு தேத்தண்ணியும் குடித்தாள்.