வாவிக்குள் ஒன்றரை ஏக்கர்

கொக்கட்டிச்சோலை பஸ்ஸில் என் முன் சீற்றில் இருந்த பெண், பக்கத்தில் இருந்த மச்சாளிடம் சொன்னார்:

"எங்கட வயல் வாவிக்குள்ள கிடக்காம்."

"ஆரு கா சொன்ன?"

"கமநலக் கந்தோர்ல கொம்பியூட்டர் சொல்லுதாம். அதால மானிய உரம் இல்லையாம்."

"அதெப்படி?"

"வயலுக்க நிண்டுதான் போன்ல இடத்தைப் பதியோணும். எங்கட வயல் வட்டைக்குள்ள சிக்னல் இல்ல. கந்தோர்ல இருந்து பதிய வந்த தம்பிதான் என்னை வாவிப் பாலத்துக்குக் கூட்டிப்போய், அங்க நிண்டு பட்டனை அமத்தினவர்."

"அத அவருக்கிட்டயே சொல்லுங்களன்."

"சொன்னன். ஒன்லைன்ல முறைப்பாடு போடட்டாம். பயிர் மஞ்சளிச்சு நிக்கிது மச்சாள். அதையும் ஒன்லைன்ல பொறுத்திருக்கச் சொல்லுறதா?"

நானும் ஒரு வயல்காரன். சிக்னலும் காற்றாடியும் நன்றாக இருந்ததால், என் வயலை நான் பதிந்தது புளியந்தீவில் முடிவெட்டும் கடைக் கதிரையில் இருந்து. சவர்க்கார நுரையோடு அமத்தினேன். உரம் கிடக்கட்டும், கடைக்காரர் என் பெயருக்கு எழுதப்பட்ட கதிரையைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னால் என்ன செய்வது என்று பயந்தேன்.

"இப்ப என்ன செய்யப்போறீங்க?" என்றார் மச்சாள்.

வயலுக்குரியவர் தன் மடியில் இருந்த பையை விரித்துக் காட்டினார். வேரும் சேறுமாக ஒரு பிடி நெற்பயிர்.

"இத அந்தத் தம்பிட மேசையில வெக்கப்போறன். வாவிக்குள்ள முளைச்சதெண்டு அவர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும்."