முடிவுரைக்கு மூன்று மார்க்

இருபதுக்கு இருபது நான் யாருக்கும் போட்டதில்லை. கட்டுரையில் முடிவுரைக்கென்று மூன்று மார்க் தனியாக வைத்திருப்பேன். பையன்கள் அவசரத்தில் அதைத்தான் கோட்டை விடுவார்கள்.

ஸ்ரீரங்கத்தில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் புளுகன் என்பதும் தெரியும். ஏகாதசியன்று கொள்ளிடத்து முதலை ஒன்று சொர்க்கவாசல் திறக்கும்வரை உபவாசம் இருந்ததைப் பார்த்தவன் நான். இரண்டு பேர் அதற்குச் சாட்சிகூடச் சொன்னார்கள்.

ஆனால் மாணவன் நோட்டில் புளுகு கூடாது. வருணனை என்றால் கண்ணால் கண்டது. சந்தேகம் வந்தால் சிவப்பு மையில் 'போய்ப் பார்த்து எழுது' என்று போடுவேன். கோபுரத்தை எழுதினவன் கோபுரத்தடியில் உட்கார்ந்து மறுபடி எழுதிக்கொண்டு வரவேண்டும். பள்ளிக்கூடத்தில் இந்த முறைக்கு நல்ல பெயர்.

1924, ஆடி. கொள்ளிடம் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. 'ஆற்று வெள்ளம்' என்று தலைப்புக் கொடுத்து, மாதிரிக்கு நானே ஒன்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். எல்லாரும் அதைப் பார்த்து எழுதினார்கள். மூன்றாம் பாரத்து ரங்கசாமி மட்டும் வேறு எழுதினான். கரையோரத்தில் வாழை போடும் மருதையின் மகன்.

"கரையின் அடியில் எலி வளை அளவு ஓர் ஓட்டை. நேற்று அதில் தெளிந்த தண்ணீர் வந்தது. இன்று கலங்கல் வருகிறது."

வகுப்பில் உரக்க வாசித்தேன். "கரைக்கு வயிற்றுப்போக்காடா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"நெசந்தான் சார். கைய வச்சுப் பாத்தேன்."

"இன்னொரு தரம் வச்சுப் பார்த்து எழுதிண்டு வா."

நாலு மார்க் போட்டேன்.

மறுநாள் அங்கேதான் கரை உடைந்தது. பையன் மூன்றாம் நாள் கிடைத்தான். நோட்டு மட்டும் நனையாமல் பூவரச மரத்துக் கவட்டையில் இருந்தது. மருதைக்கு எழுத்து வாசனை கிடையாது. தலைப்பாகைத் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தான்.

"எம்புள்ள கடைசியா என்ன எழுதியிருக்கான்? வாசிங்க சாமி."

வாசித்தேன். "எங்கள் அப்பா தோட்டத்தில் நிற்கிறார். அவர் தலைப்பாகை தூரத்தில் வெள்ளைக் கொக்குபோல் தெரிகிறது. அவர் இருப்பதால் எனக்கு வெள்ளத்தைக் கண்டு பயமில்லை."

அதெல்லாம் நோட்டில் இல்லை. ஆனால் மருதை அன்றைக்குத்தான் சாப்பிட்டானாம். வேறு யாரிடமும் காட்டாதே, கை பட்டால் தாள் உதிரும் என்று சொல்லி அனுப்பினேன். அதன்பிறகு ஒவ்வோர் ஆடியிலும் அதே தேதிக்கு ஒரு சீப்புப் பழத்தோடு வந்துவிடுவான். நான் ஒரு வரியைத் தாண்டினாலும் விடமாட்டான். "கொக்கு விட்டுப்போச்சே சாமி" என்பான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆற்றங்கரையில் பிறந்தவன். கசிவு தெளிவாக இருந்தால் கரைக்குக் கேடில்லை, கலங்கினால் உள்ளே மண் கரைகிறது, ஒரு நாள் தாங்காது என்பது எனக்குத் தெரியும். அந்த மூன்று வரியை வாசித்தபோதே தெரியும். என்னுடைய மாதிரியில் அப்படி ஒரு வரிகூட இல்லை என்பதும் தெரிந்தது. நாலு மார்க் அதற்குத்தான்.

பதினான்காவது ஆடி, போன வாரம். மருதை மகளோடு வந்தான். வள்ளிக்கண்ணு, வெள்ளத்துக்கு மறுவருஷம் பிறந்தவள். இப்போது அவளும் மூன்றாம் பாரம்.

"இந்தத் தடவ இவ வாசிக்கட்டும் சாமி. படிச்ச புள்ள."

நோட்டை அவள் விரித்தாள். அதில் இருப்பது இவ்வளவுதான்: "ஓட்டை இப்போது குடம் நுழையும் அளவு. தண்ணீர் சேற்று நிறம். சார் சொன்னபடி கையை வைத்துப் பார்க்கப் போகிறேன். பார்த்துவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்."

அவள் விரல் கடைசி வரியில் நின்றது. என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தபடி வாசித்தாள். "எங்கள் அப்பா தோட்டத்தில் நிற்கிறார்..." கொக்கு வந்தது. பயமில்லை என்பதும் வந்தது. அப்பன் வாயால் கேட்டுக் கேட்டு மனப்பாடம் போலும், ஒரு வார்த்தை தப்பவில்லை.

மருதை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பாத்தீங்களா சாமி, அச்சு அசலா ஒங்க மாதிரியே வாசிக்கிறா."

அவன் துண்டிலிருந்து முகத்தை எடுக்குமுன் அவள் நோட்டை மூடினாள். "இது முடியலியே சார்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "எவ்வளவு மார்க் போடுவீங்க?"

"பதினேழு" என்றேன். "முடிவுரை இல்லையே, அம்மா."

மார்க் விஷயத்தில் நான் யாருக்கும் அநியாயம் செய்ததில்லை.