மூச்சு நிக்கிற இடம்

– சாவிய நான் குடுக்க மாட்டேன், டாக்டர். அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.

– முதல்ல உக்காருங்க ரோண்டா.

– உக்கார வரல. உக்காந்து உக்காந்துதான் எங்க வீடே நாசமாப் போயிட்டிருக்கு.

– சரி, நின்னுக்கிட்டே பேசுங்க. நேத்து போன்ல நான் சொன்னப்ப சரின்னுதானே சொன்னீங்க?

– சரின்னு எங்க சொன்னேன்? "ம்"னேன். டேரல் பக்கத்துலயே நிக்கிறான், வேற என்னத்தச் சொல்ல? "பாத்தியா, ஹால்வர்சன் டாக்டரே சொல்லிட்டாரு, எனக்கு குணமாயிடுச்சு, சனிக்கிழம வேட்டை சீசன் தொறக்குது, துப்பாக்கிய எடுத்துக் குடு"ன்னு மூஞ்சி பூரா சிரிப்பு. பொண்டாட்டிய ஒரு வார்த்த கேக்காம புருஷன் கையில துப்பாக்கிய குடுன்னு சொல்ற டாக்டர இப்பத்தான் பாக்குறேன்.

– காரணத்தோடதான் சொன்னேன். போன குளிர்காலத்துல அவன் வந்த கோலம் உங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல? கத்திக்கிட்டே வந்தான். இந்தக் கதவ ஒதச்சான்.

– எனக்கா ஞாபகம் இல்ல? பிறந்தநாளுக்கு நான் சுட்டு வெச்ச கறி அப்பத்த தட்டோட சுவத்துல அடிச்சான். ஜூலை நாலாந்தேதி சுதந்திர தினத்துக்கு ஊரே பட்டாசு வெடிக்குது, இவன் வீட்டுக்குக் கீழ இருக்கற அறையில நாயக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தான். அன்னிக்குத்தான் துப்பாக்கி எல்லாத்தையும் அள்ளிட்டுப் போய் எங்கப்பா கறிக்கடை இரும்புப் பெட்டியில போட்டுப் பூட்டினேன். இந்தா, என் கழுத்துல தொங்குது பாருங்க, அந்தச் சாவி.

– இப்போ கத்துறானா?

– இல்ல.

– தட்ட வீசுறானா?

– இல்ல.

– ராத்திரி தூங்குறானா?

– தூங்குறான். அய்யோ, நீங்க என்ன போலீஸ்காரரா? கேள்வி மேல கேள்வி?

– பின்ன உங்களுக்கு என்னதான் வேணும் ரோண்டா? அவன் பழையபடி கத்தணுமா? சில வீடுகள்ல இப்படி ஆகும், நான் பாத்திருக்கேன். நோயாளிய பாத்துக்கிட்டே பழகிட்டவங்களுக்கு அவன் எழுந்து நடந்தா கை கால் ஓடாது.

– என்ன சொன்னீங்க?

– ஒரு மூச்சு விடுங்க. கோவத்தக் கீழ வைங்க.

– கீழ வைங்க, கீழ வைங்க! வாயத் தொறந்தா இதேதானா? அவனும் இப்ப இதத்தான் சொல்றான். கரண்ட் பில் வந்திருக்குடான்னா "கீழ வை ரோண்டா"ங்கறான். எங்கப்பாவுக்கு நெஞ்சு வலின்னு ஓடி வந்தப்போ கூட "கீழ வை"! நீங்க அவனுக்கு வைத்தியம் பாத்தீங்களா, இல்ல கிளி வளத்தீங்களா?

– ரோண்டா!

– கேளுங்க. நான் எங்கப்பா கடையில எல்க் மான் வெட்டுறவ. கத்தியத் தூக்கறதுக்கு முன்னாடியே துப்பாக்கி தூக்கினவ. என்கிட்ட புத்தர் பேச்செல்லாம் எடுபடாது. அந்தப் பலகையில ஒரு புத்தர் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அவருக்குப் பக்கத்துல போட்டோல துப்பாக்கியோட பல்லக் காட்டிக்கிட்டு நிக்கறது நீங்கதானே?

– நான்தான். டேரல் பட்டாளத்துல போன பாலைவனத்துக்கு அவனுக்கு முன்னாடியே போனவன் நான். திரும்பி வந்து குடிச்சேன், பொண்டாட்டி விட்டுட்டுப் போனா. அப்புறம்தான் படிச்சேன், இந்த மனோதத்துவம் எல்லாம். படிப்பு பாதி காப்பாத்துச்சு. மீதிய ஒரு ஜப்பான் கிழவர் காப்பாத்தினார். சுவரப் பாத்து சும்மா உக்காருன்னார். உக்காந்தேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு காலை கூடத் தவறல. சண்டைய எப்பவோ கீழ வெச்சுட்டேன்.

– வீட்டுல துப்பாக்கி?

– என்னது?

– வீட்டுல இருக்கா, இல்லையா?

– இந்த மொன்டானா மாநிலத்துல யார் வீட்டுலங்க இல்ல? ஒரு கைத்துப்பாக்கி இருக்கு. கட்டில் பக்கத்து டிராயர்ல.

– பூட்டி வெச்சிருக்கீங்களா?

– எதுக்குப் பூட்டு? தனி ஆள். அத நான் எடுத்துப் பாத்தே வருஷக்கணக்கா ஆச்சு. இப்போ நாம என்னப் பத்தியா பேசிக்கிட்டிருக்கோம்?

– இல்ல. டேரலப் பத்தித்தான். போன வாரம் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். அவன் ஹால்ல சுவரப் பாத்து உக்காந்திருந்தான், நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே. அழகாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். மூச்சு இழுத்தான், விட்டான். விட்டு முடிச்சு, அடுத்தது இழுக்கறதுக்கு முன்னால ஒரு சின்ன இடம் வருதே?

– ஆமா. அங்கதான் மனசு அடங்கும். அந்த இடத்துல தங்குன்னு நான்தான் சொன்னேன்.

– தங்கினான். அங்க வந்ததும் வலது கை ஆள்காட்டி விரல் உள்ள மடங்குது.

– அதுக்கு?

– அதுக்கா! எத்தன தடவ மூச்சு விட்டானோ அத்தன தடவயும் மடங்குது டாக்டர். மெதுவா, பதறாம. எனக்குக் கையில இருந்த துணி நழுவிப் போச்சு. பன்னெண்டு வயசுல எங்கப்பா மலையில துப்பாக்கியோட படுக்க வெச்சு எனக்குச் சொல்லிக் குடுத்தது அதுதான். மூச்ச விடு, தானா நிக்கும், நின்ன இடத்துல விசைய அமுக்கு. இழுக்காத, அமுக்கு. உங்க பட்டாளத்துல வேற மாதிரியா சொல்லிக் குடுத்தாங்க?

– ...இல்ல. அதேதான்.

– அப்போ உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு? நான் கறி வெட்டுறவ, எனக்குத் தெரிஞ்சுது. சண்டைக்கும் போயி, டாக்டருக்கும் படிச்சு, சாமியாராவும் ஆன ஆளுக்குத் தெரியலன்னா எப்படிங்க?

– நான் சாமியார் இல்ல! ஒடம்புக்கு ஒரு பழக்கம் இருக்கும். கார் ஓட்டுறவன் தூக்கத்துல பிரேக் மிதிக்கிற மாதிரி. அதுக்காக அவன் யாரையோ சுடப் போறான்னு அர்த்தமா? ஒரு விரல் அசஞ்சதுக்கு ஒரு மனுஷனோட முன்னேற்றத்தையே தூக்கிக் குப்பையில போடுறீங்களே! எத்தன பேர இந்தக் கையால புதைச்சிருக்கேன் தெரியுமா? பட்டாளத்துல செத்தத விட இங்க, வீட்டுல, கராஜ்ல, ட்ரக்குல தன் கையாலயே செத்தவங்கதான் ஜாஸ்தி! ஒருத்தன், ஒரே ஒருத்தன் ஒழுங்கா எழுந்து வரான். அவனையும் நீங்க...

– அப்பாடா! இப்பத்தான் மனுஷன் மாதிரி கத்துறீங்க.

– மன்னிச்சுக்கங்க. சத்தம் போட்டிருக்கக் கூடாது.

– போடுங்க, நல்லா போடுங்க. அவனும் போட்டுக்கிட்டிருந்த வரைக்கும் அவனுக்குள்ள என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. இப்போ ஒண்ணுமே தெரியல. பயமா இருக்கு டாக்டர். இன்னிக்குச் சாயங்காலம் அவன் கைய நீட்டுவான். மாட்டேன்னா "நீ என்ன நம்பல"ன்னு அதுக்கும் சிரிப்பான். குடுத்தேன்னா... வேண்டாம், எனக்குச் சொல்லவே வாய் வரல.

– டேரல் எங்க இருக்கான்?

– கீழ ட்ரக்குல.

– கூப்பிடுங்க. உங்க கண்ணு முன்னாடியே உக்காந்து காட்டுறோம், அவனும் நானும். ரெண்டு பேர் கையையும் பாருங்க. வெறும் பழக்கம்னு உங்களுக்கே புரியும். அப்புறம் சாவிய நீங்களா கழட்டிக் குடுப்பீங்க.

– குடுக்கறனா பாப்போம். டேரல்! ஏய், மேல வா! ஜன்னல்ல நான்தான் கூப்பிடுறேன், வேற யாரு? வா!

– ...என்ன ரோண்டா, தெரு முனை வரைக்கும் கேக்குது. வணக்கம், டாக்.

– டாக்காம் டாக்! டாக்டர், உங்களுக்குத்தான் தெரியுமே, பட்டாளத்துல குண்டுக்கு நடுவுல ஊர்ந்து வந்து கட்டுப் போடுறவனத்தான் இவங்க அப்படிக் கூப்பிடுவாங்க. அந்தப் பேர உங்களுக்குக் குடுத்திருக்கான். அத மனசுல வெச்சுக்கிட்டு உக்காருங்க.

– சண்டையா டாக்? இவ அப்படித்தான். நீங்க கீழ வெச்சுருங்க.

– டேரல், ஒண்ணுமில்லப்பா. நாம ரெண்டு பேரும் சித்த நேரம் உக்காருவோம். அந்த மெத்தைய எடுத்துப் போடு. எப்பவும் போல சுவரப் பாத்து. ரோண்டா, நீங்க பின்னால நில்லுங்க. பேச வேண்டாம். கைய மட்டும் பாருங்க.

– எதுக்கு டாக் கைய?

– ஏன்னா உன் விரல் அசையுதாம்.

– ஓ. பாத்துட்டியா ரோண்டா?

– பாத்தேன்டா.

– சரி டாக். உக்காரலாம்.

– முதுகு நிமிரட்டும். கண்ணு பாதி மூடட்டும். மூச்ச இழு... விடு. முழுசா விடு... அங்கயே இரு. நல்லது. இன்னொண்ணு. அவசரம் வேண்டாம். விடு... இரு...

– போதும். நிறுத்துங்க.

– ரோண்டா, பேச வேண்டாம்னு சொன்னேன்.

– போதும்னு சொல்றேன்ல! எழுந்திருங்க ரெண்டு பேரும்.

– அசஞ்சுதா?

– அசஞ்சுது.

– எத்தன தடவ?

– விடுங்க டாக்டர்.

– சொல்லுங்க, எனக்குத் தெரியணும்.

– அத அப்புறம் சொல்றேன். டேரல், நீ சொல்லு. சுவத்துல உனக்கு என்னடா தெரியுது?

– ரோடு.

– என்ன ரோடு?

– அங்க இருந்த ரோடுதான். கூரை மேல துப்பாக்கியோட படுத்திருந்தா தெரியும். ரோட்டுக் கடைசில ஒரு கிழவன், தண்ணி டின்னோட. டாக் சொல்ற அந்த நிம்மதி எனக்குப் புதுசில்ல ரோண்டா. சுடறதுக்கு முன்னாடி அப்படித்தான் இருக்கும். ஒலகமே வாய மூடிக்கும். அதுக்கப்புறம் அந்த மாதிரி அமைதி எனக்கு எங்கயுமே கிடைக்கல. டாக்தான் திருப்பிக் குடுத்தாரு.

– அய்யோ டேரல்... எங்கூடத்தானே உக்காந்த, இத ஏன்ப்பா இந்த டாக்டர்கிட்ட ஒரு நாளும் சொல்லல?

– நீங்கதான் கதை வேணாம்னீங்க, டாக். "எது வந்தாலும் பாரு, விட்டுடு, எங்கிட்டக் கூட கதை சொல்லாத"ன்னு மொத நாளே சொன்னீங்க. நானும் நல்லதுக்குத்தான் சொல்றீங்கன்னு இருந்துட்டேன்.

– கதை வேணாம்னீங்களா? மனசு டாக்டர்கிட்ட போனவன கதை சொல்லாதன்னா, அவன் எங்க போயிச் சொல்லுவான்? எங்க வீட்டு நாய்கிட்டயா? நீங்கள்லாம் என்ன படிச்சுக் கிழிச்சீங்க?

– அவர திட்டாத ரோண்டா.

– திட்டட்டும். அவங்க சொல்றது சரிதான். டேரல், இப்ப கேக்குறேன். அந்தக் கிழவன் இன்னும் ரோட்டுலதான் நிக்கிறானா?

– இல்ல டாக். அவன் போயிட்டான்.

– அப்போ ரோடு காலியா இருக்கா?

– இல்ல. கோட காலம் முடிஞ்சதுல இருந்து அங்க நான்தான் நிக்கிறேன்.

– கடவுளே! கிட்ட வாடா. கிட்ட வா. கையக் குடு. ரெண்டு கையையும் குடு.

– அழாத ரோண்டா. பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல, அமைதியாத்தான்...

– வாய மூடு! அமைதின்னு இன்னொரு தடவ சொன்ன, பல்ல ஒடச்சுப்புடுவேன்! நீ கத்து. தட்ட ஒட. கடையில போயி இன்னும் நாலு தட்டு வாங்கித் தரேன், அதையும் ஒட. ஆனா அந்த ரோட்டுல மட்டும் நிக்காத.

– டேரல், இனிமே சுவர் வேண்டாம். இன்னிக்கு வீட்டுக்குப் போக வேண்டாம். இங்கயே இரு. எல்லாத்தையும் ஆரம்பத்துல இருந்து சொல்லு, நான் கேக்குறேன். நீங்களும் இருங்க ரோண்டா. அப்புறம் அந்தச் சாவிய யாருக்கும் குடுக்காதீங்க. நான் சொன்னாக் கூட.

– நீங்க சொன்னாக் கூடவா? நீங்க சொன்னீங்கன்னுதானே இவ்வளவும்!

– எம்மேலதான் தப்பு. பக்கத்துலயே உக்காந்து அவன் விரல ஒரு நாள் கூடப் பாக்கல. சுவரத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். இப்பயாவது சொல்லுங்க, எத்தன தடவ அசஞ்சுது?

– ரோண்டா, நான் இன்னிக்கு ரெண்டு கையையும் கோத்து இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுல்ல இருந்தேன்? நீ பாக்குறன்னு தெரிஞ்சுதான்.

– தெரியும் டேரல். நீ அசைக்கவே இல்ல.

– அப்போ அசஞ்சுதுன்னு சொன்னீங்களே, ரோண்டா?

– ஆமா, சொன்னேன். அவன் விரல்னு சொல்லலியே... டாக், எங்கப்பா கடை இரும்புப் பெட்டியில இன்னும் ஒண்ணுக்கு இடம் இருக்கு. வாங்க, உங்க டிராயர்ல இருக்கறத எடுத்துட்டு வந்துருவோம்.