ஃபேனுக்கு ரெண்டு மேனேஜர்

ஐயய்யோ, திருப்புளிய உள்ள வைங்க சார். இப்பவே பெட்டியத் தெறக்க வேணாம், சுவிட்சும் போட வேணாம். என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லிடுறேன், அப்புறம் கைய வைங்க. உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அது என் மனைவியோடது. யாராவது உக்காந்தா கண்டுபிடிச்சிடுவா. எங்கயா? அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. ஒம்பது நாளாச்சு. இந்தக் கம்ப்யூட்டராலதான் சார், சத்தியமா வேற தகராறு ஒண்ணும் இல்ல.

பார்வை இல்லாத பசங்களுக்காகப் பாடப் புத்தகத்த வாசிச்சுப் பதிவு பண்றவ அவ. இந்த மேஜையிலதான். ஒரு நாள், கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற ஃபேன் லேசா இரையுது, கடையில காட்டலாமான்னு கேட்டா. அங்கதான் சனி பிடிச்சுது. கடை எதுக்கு, நான் எதுக்கு இருக்கேன்னு மார் தட்டிட்டேன்.

இதுல விண்டோஸ் இல்ல, லினக்ஸ்தான் சார். ஆமா, நானே போட்டது. அதுல சூடு, ஃபேன் வேகமெல்லாம் அளக்குற சென்சாரத் தேடுற புரோகிராம் ஒண்ணு இருக்குல்ல? இதத் தேடவா, அதத் தேடவான்னு கேட்டுக்கிட்டே போகும். படிச்சுப் பாத்தேனாவா? எல்லாத்துக்கும் ஆமான்னு தட்டினேன். மாமனார்கிட்டகூட நான் அத்தன ஆமா போட்டதில்ல.

கடைசியில, ஃபேன ஓட்டுற மென்பொருளாம், டிரைவர்னு ஒண்ணக் காட்டுச்சு. ஏத்தினா ஏற மாட்டேங்குது. இந்த ஃபேன் சிப்ப ஏற்கெனவே மதர்போர்டு பாத்துக்கிட்டிருக்கு, மோதல் வரும்னு ஒரு வரி. மரியாதையாத்தான் சொல்லுச்சு. நான் கேட்டாத்தானே? நெட்டுல எவனோ ஒரு புண்ணியவான், இந்த வரியச் சேத்துக்கோ, அப்புறம் அது கண்டுக்காதுன்னு எழுதியிருந்தான். சேத்தேன். டிரைவர் ஏறிடுச்சு. அன்னையிலேர்ந்து ஒரே ஃபேனுக்கு ரெண்டு மேனேஜர். போர்டு மெதுவாங்குது, டிரைவர் வேகமாங்குது. ஃபேன் பாவம், ரெண்டு பேருக்கும் பயந்து ஓடுது. சூடு எவ்வளவுன்னு பாத்தா நூத்தி இருபத்தேழு டிகிரி! பதறிப்போயி மேஜை ஃபேனக் கொண்டாந்து கம்ப்யூட்டருக்கு நேரா வெச்சேன். சிரிக்காதீங்க சார். தொட்டுப் பாத்தா சில்லுன்னுதான் இருந்துச்சு, ஆனா திரையில போட்டிருக்கே!

அவ அன்னைக்கு இதயத்தப் பத்தின பாடம் வாசிச்சிருக்கா. போட்டுக் கேட்டா, மாவு மில்லுக்குள்ள நின்னு வாசிச்ச மாதிரி இருக்கு.

ரெண்டு நாள் கழிச்சு, சரியாயிடுச்சுன்னு சொன்னேன். நம்பி உக்காந்தா. பத்தே நிமிஷம், மறுபடி கத்த ஆரம்பிச்சிடுச்சு. அடுத்த நாளும் சரியாயிடுச்சுன்னேன். அப்ப என்ன பண்ணியிருந்தேன்னா... ஃபேன் ஒயரப் புடுங்கி விட்டிருந்தேன். தெரியும் சார், தெரியும், அப்படிப் பாக்காதீங்க. நல்ல அமைதி. அவளும் ஒரு மணி நேரம் வாசிச்சா. சூடேறி மெஷின் பொட்டுன்னு அணைஞ்சு, மொத்த அத்தியாயமும் போச்சு. அவ கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்ல. மைக் ஒயரச் சுத்திப் பையில வெச்சா, கெளம்பிட்டா. அடுத்த மாசம் அந்தப் பசங்களுக்குப் பரீட்சை. அக்கா வீட்டுல பிள்ளைங்க போடுற கூச்சல்ல ஒரு பக்கம்கூடப் பதிவு பண்ண முடியலையாம். அக்காவே சொன்னாங்க.

சரி, இப்பப் போடுங்க சுவிட்ச. என்ன அப்படி முழிக்கிறீங்க? ஓடுதுங்க, வெளக்கு எரியுது பாருங்க. சத்தம் வரல, அவ்வளவுதான். வியாழக்கெழமையே சரியாயிடுச்சு. என்ன பண்ணேனா? நான் போட்டதையெல்லாம் எடுத்தேன். அந்த வரி, அந்த டிரைவர், எல்லாத்தையும். புடுங்கின ஃபேன் ஒயரயும் திரும்ப மாட்டினேன். போர்டே பாத்துக்கட்டும்னு விட்டேன். அப்பவும் லேசா ஒரு இரைச்சல். தெறந்து பாத்தா, விரக்கடைக்குத் தூசி. பிரஷ்ஷால தட்டினேன், போயிடுச்சு.

பின்ன உங்கள எதுக்குக் கூப்பிட்டேன்னா... இதச் சொல்லத்தான் அவளுக்குப் பதினொரு தடவ போன் பண்ணேன். சரியாயிடுச்சுன்னு ஆரம்பிச்சாலே வெச்சுடுறா. அவ குரல் இல்லாம வீட்டுல இருக்க முடியல சார். இந்தாங்க நம்பர். உங்க போன்லேர்ந்து பேசுங்க. கடையிலேர்ந்து வந்து நீங்க சரி பண்ணதா சொல்லுங்க. நான் பண்ணேன்னு மட்டும் வாயத் தெறந்துடாதீங்க, அவ வரவே மாட்டா.