தொட்டால் கை இருக்காது

— இப்ப பூனைங்கிற. அஞ்சு நிமிஷம் முன்னாடி கரண்ட் போச்சுன்ன.

— கரண்ட் போனதாலதான் அக்கா பூனை வந்துச்சு. இருட்டுல அதுக்குத்தான கண்ணு தெரியும். எதிர்வீட்டுப் பூனைய நீ பாத்ததில்ல. கன்னுக்குட்டி உசரம். அது தெருவுல நடந்தா லாரிக்காரனே ஹாரன் அடிச்சு வழி கேக்குறான்.

— சரி. அந்தப் பூனை ஃப்ரீசர் கதவத் திறந்துச்சு.

— திறந்துச்சு.

— கல்லு மாதிரி உறைஞ்ச சூப்பு டப்பாவ எடுத்து, மூடியக் கழட்டித் தின்னுச்சு.

— நக்கி நக்கித் தின்னுச்சு. பாவம், நாக்கு மரத்துப் போச்சு. நேத்துலேந்து அதுக்கு முழுசா மியாவ் வரல. பாதியிலயே நிக்குது.

— ம். அடுத்தது. தின்னுட்டு டப்பாவக் கழுவி, துடைச்சு, இந்த அலமாரியில கவுத்து வச்சுட்டுப் போச்சு.

— நல்லா வளத்த பூனை அக்கா.

— டேய் தம்பி, நான் முப்பது வருஷம் ரயில்ல டிக்கெட் சோதிச்சவ. செத்துப்போன மாமனாரோட பாஸ்ல போனவனையே எறக்கி விட்டவ. எங்கிட்ட பூனைய விடுறியா?

— தெரியாதா எனக்கு? நீ பெட்டிக்குள்ள ஏறினா டிக்கெட் வச்சிருக்கறவனே ஜன்னல் வழியா குதிப்பானாம்.

— பேச்ச மாத்தாத. ஞாயித்துக்கிழமை மொத்தக் குடும்பமும் நம்ம கடைசித் தம்பி, சின்னவன் வீட்டுல கூடுது. அவன் வெங்காயத்தக் கருக்கி, எலும்ப வேகவச்சு, பானைய இறக்கி வச்சிடுவான். கடைசியா அதுல என்ன ஊத்தணும்?

— பழசு.

— பழசுன்னா?

— போன வருஷச் சூப்புல ஒரு டப்பா எடுத்து வச்சது. அதுல அதுக்கு முந்தின வருஷத்துது கலந்திருக்கும், அதுல அதுக்கு முந்தினது. அப்படியே பின்னாடி போனா கொள்ளுத்தாத்தா வச்ச மொதப் பானை. கப்பல் சமையல்காரர். புயல்ல கப்பல் கவுந்தப்ப, பொண்டாட்டிய விட்டுட்டு சூப்புப் பானையத் தலையில வச்சு நீந்தி வந்த மனுஷன்.

— பொண்டாட்டியும்தான் நீந்தி வந்தா. அத நீ சொல்லவே மாட்ட.

— அவங்க கொஞ்சம் கோவமா, தனியா நீந்தி வந்தாங்க.

— அன்னிலேந்து ஒரு வருஷம் விட்டதில்ல. அப்பா வீடு மாத்தினப்ப கட்டில லாரியில போட்டாரு, டப்பாவ மடியில வச்சுக்கிட்டாரு. எனக்கு ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சப்ப நீ மொதல்ல என்ன கேட்ட?

— பழசு எங்கன்னு கேட்டேன். அன்பாத்தான் கேட்டேன்.

— இந்த வருஷம் நான்தான் வச்சிருப்பேன்னு அடம் பிடிச்சு வாங்கிட்டு வந்த.

— அடம் பிடிக்கல. வேண்டுகோள் வச்சேன்.

— தரையில உருண்ட. ரிட்டையரான மனுஷன், எல்லாரு முன்னாடியும் உருண்ட. அந்த டப்பா இப்ப எங்கடா போச்சு? டப்பா இருக்கு, உள்ள இருந்தது எங்க?

— பெரியம்மா.

— மருமகளே, நீ ஏன்மா எழுந்து வந்த? போய்ப் படு. இது பூனை சமாச்சாரம், அக்காவும் நானும் பேசிக்கிறோம்.

— போதும் மாமா. பெரியம்மா, அந்தச் சூப்ப நான்தான் குடிச்சேன்.

— என்ன?

— அவ பேச்ச நம்பாத அக்கா. சாப்பிடாம சாப்பிடாம ஏதேதோ உளர்றா.

— நீ வாய மூடு. நீ சொல்லும்மா.

— நேத்து மத்தியானம் தண்ணி குடிக்கலாம்னு வந்தேன். அடுப்பு மேல ஒரு கிண்ணம் இருந்துச்சு, சூடா. இந்த மூணு மாசமா எந்த வாசனை வந்தாலும் வாந்தியெடுக்க வாஷ்பேசினுக்குத்தான் ஓடுவேன். நேத்து ஓடல பெரியம்மா. நின்னுக்கிட்டே குடிச்சேன். விரலால வழிச்சும் சாப்பிட்டேன். அது பழசுன்னு தெரியவே தெரியாது. பக்கத்துல இருந்த டப்பாவக் கழுவுறப்பதான் மூடியில நீங்க ஒட்டின சீட்டப் பாத்தேன். தொட்டால் கை இருக்காதுன்னு போட்டிருந்துச்சு.

— அப்புறம்?

— பயந்து போய் மாமாகிட்ட சொன்னேன். என் ரெண்டு கையயும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, கை இருக்கேன்னாரு.

— அத விடு. குடிச்சது வெளிய வந்துச்சா?

— இல்ல பெரியம்மா.

— கொஞ்சம் கூட?

— ஒரு சொட்டு கூட வரல. சாயந்தரம் ரெண்டு ரொட்டி சாப்பிட்டேன். ராத்திரி தூங்கினேன். காலையில ஒரு முட்டை. அதுவும் உள்ளதான் இருக்கு.

— தண்ணி கூடத் தங்கலன்னு உன் புருஷன் போன்ல அழுதானே. எடை எறங்கிக்கிட்டே போகுது, உனக்கும் ஆபத்து, வயித்துல இருக்கறதுக்கும் ஆபத்துன்னு டாக்டர் சொன்னாங்கன்னு.

— நாளைக்கு அட்மிட் ஆகச் சொல்லியிருந்தாங்க. காலையில போன் பண்ணிக் கேட்டோம். சாப்பாடு தங்குதுன்னா வேணாம், வந்து காட்டிட்டு வீட்டுக்குப் போகலாம்னுட்டாங்க.

— உக்காரு. அந்த நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காரு. அழாத.

— நான் அழல பெரியம்மா. நீங்கதான்.

— வெங்காயம்.

— வீட்டுல வெங்காயமே இல்லக்கா.

— டேய்.

— சரி, பக்கத்து வீட்டு வெங்காயம்.

— இரு. ஒண்ணு இடிக்குது. அந்த டப்பா இளகவே அரை நாள் ஆகும். இவ வந்தப்ப கிண்ணத்துல சூடா இருந்திருக்கு. அப்ப விடியறப்பவே அத வெளிய எடுத்து வச்சது யாரு?

— பூனை.

— தம்பி.

— போன வருஷம் கூடினப்ப இவ புதுப்பொண்ணு. மூணு கிண்ணம் குடிச்சா. நாலாவது கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு என் கிண்ணத்தப் பாத்தா. டாக்டர் சொன்ன அன்னிலேந்து எனக்கு அந்தப் பார்வைதான் ஞாபகம். நானே புதுசா வச்சுக் குடுத்துப் பாத்தேன், ரெண்டு தடவை. ரெண்டும் பேசினுக்குப் போச்சு. நேத்து விடியல்ல ஃப்ரீசரத் திறந்தேன். உன் சீட்டு என்னை முறைச்சுது. நானும் முறைச்சேன்.

— மாமா, அப்ப தெரிஞ்சேதான் வச்சீங்களா?

— துறைமுகத்துல கிரேன் ஓட்டினவன்மா நான். ஒரு யானையையும் அதோட பாகனையும் சேத்து ஒரே தூக்கா தூக்கி, பாகன் வாயில இருந்த பீடி அணையாம எறக்கி வச்சவன். இந்தச் சின்ன டப்பாவ ரெண்டு கையாலயும் பிடிச்சுத்தான் எடுத்தேன்.

— இதச் சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடா? எதுக்குப் பூனை?

— வந்த மறு வருஷமே பழசக் காலி பண்ணினவள்னு இவளுக்குப் பேரு வந்துச்சுன்னு வை, நம்மாளுங்க இவ பேரப்பிள்ளை கல்யாணத்துல கூடச் சொல்லிக் காட்டுவாங்க. பூனைன்னா அதுக்கு என்ன, மானமா போகும்?

— பெரியம்மா, ஞாயித்துக்கிழமை பானைக்கு என்ன பண்றது? நூறு வருஷமா விடாம வந்தது என்னால நின்னு போச்சே.

— இரு, போன் அடிக்குது. சின்னவன்தான்.

— அக்கா, எடுக்காத. எடுத்தா கரண்ட் போச்சுன்னு சொல்லு.

— ஹலோ. ஆமா, இங்கதான் இருக்கேன். கேக்குது, கத்தாத. பழசா? பத்திரமா இருக்கு. நானே கூட்டிட்டு வரேன். இல்லடா, டப்பா வேணாம், ஐஸ் பெட்டியும் வேணாம். நீ ஜன்னலோரமா நல்ல நாற்காலியாப் போட்டு, முதுகுக்கு ஒரு தலகாணி வை. இந்தத் தடவை பழசு நடந்து வருது.